உஷார்! இடாப்பில் பிள்ளைக்கு அரைப்பேர் விழுகிறது

பொகவந்தலாவையைச் சுற்றியுள்ள எந்தத் தோட்டத்துக்காவது போய், மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தராசு சற்றே முன்பின் காட்டினாலும் குரல் எழும்பும். "என்னாங்க கணக்கப்புள்ள, காலையில நிறுத்ததுல ரெண்டு கிலோவக் காணோம்?" என்று கேட்காமல் ஒரு அக்கா கூடையை எடுக்கமாட்டார். கேட்கத்தான் வேண்டும். சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். அட்டைக்கடியும் குளவிக் கொட்டும் வாங்கி முழுநாள் மலையில் நின்றவருக்கு அரைநாள் சம்பளம். தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் தன் பேர் முழுசாக விழுந்ததா இல்லையா என்பதை எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூடக் கண்குத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த அக்காவின் மகன் எட்டாம் தரத்தில் படிக்கிறான். போன தவணையில் வகுப்பு இடாப்பில் அவன் பேர் எத்தனை நாள் விழுந்தது?

தெரியாது. கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்று யாரும் சொன்னதுமில்லை.

அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயா பக்கத்தில் ஆறு முதல் ஒன்பது வரையான தரங்களில் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது எச்சரிக்கை. கல்வித் திணைக்களத்தின் தாள்களில் இந்த நான்கு வருடத்துக்குக் கனிஷ்ட இடைநிலை என்று பெயர். பிள்ளை கைநழுவுவது இந்த நான்கு வருடத்தில்தான். அதுவும் ஒரேயடியாக விழுவதில்லை. வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள் என்று இடாப்பில் அரைப்பேராகத் தேய்ந்து, ஒரு தவணை விடுமுறைக்குப் பிறகு அந்தப் பேர் இல்லாமலே போய்விடும்.

ஊரில் பள்ளிக்கூடக் கணக்கு இரண்டே இரண்டு பரீட்சையோடு ஓடுகிறது. ஒன்று ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், மற்றது பதினோராம் தரத்தில் வரும் சாதாரண தரம். புலமைப்பரிசில் முடிவு வந்தால் நகரத்தில் பதாதை கட்டுகிறோம். கோயிலில் அர்ச்சனை, பெற்றோர் கூட்டத்தில் மாலை, தொழிற்சங்கக்காரர் கையால் பை, கொப்பி. நல்லதுதான். ஆனால் நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்று லட்சம் பிள்ளைகள் எழுதும் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே வருவது ஐம்பதாயிரம் அளவில்தான். ஆறு பேரில் ஐந்து பேர் பதாதையில் இல்லை. அந்த ஐந்து பேரும் அடுத்த ஜனவரியில் ஆறாம் தரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா? சேர்ந்தவர்கள் மார்ச்சிலும் வருகிறார்களா? அதற்கு யாரும் பதாதை கட்டுவதில்லை.

இந்த ஐந்தாம் வகுப்புச் சுவர் நேற்றுக் கட்டியதில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டமும், அடுத்து 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பைத் துரைமார் தலையில் வைத்தன. துரைமார் அதை எந்த அளவுக்குச் செய்தார்கள் என்பது தெரிந்த கதை. ஒரு வாத்தியார், ஒரு நீளக் கொட்டகை, ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்த ஒரே பாய். பல இடங்களில் அந்தக் கொட்டகையும் கிடையாது, பிரட்டுக்களமோ கோயில் மண்டபமோதான் பள்ளிக்கூடம். ஐந்துக்கு மேலே படிப்பு எதற்கு, ஆறாவது வகுப்பு வயசு வந்தால் கவ்வாத்துக் கத்தியோ கொழுந்துக் கூடையோ இருக்கிறதே என்பதுதான் அன்றைய ஏற்பாடு. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகள் அந்தக் குடைக்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில் தொடங்கித்தான். மற்றப் பிள்ளைகளைவிட முப்பது வருடத்துக்கு மேல் பிந்திப் புறப்பட்டவர்கள் நாம். கட்டடம் மாறிவிட்டது, மேசை கதிரை வந்துவிட்டது. ஆனால் பல டிவிசன்களில் பள்ளிக்கூடம் இன்றும் ஐந்தோடு நிற்கிறது. ஆறுக்குப் பிள்ளை வெளியே போகத்தான் வேண்டும்.

வெளியே என்றால் என்ன என்று நகரத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். அதே நேரத்துக்குத் தாய் மலையில் நிற்க வேண்டும். ஆகவே பிள்ளை சப்பாத்துப் போடும் முன்னே தாய் லயத்தை விட்டு இறங்கிவிடுவார். அப்பா கொழும்பிலோ, இங்கேயே ஏதாவது மரக்கறித் தோட்டத்திலோ இருப்பார். ஐந்தாம் தரம் வரை இதனால் ஆபத்து இல்லை. பள்ளிக்கூடம் லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. போகாத பிள்ளையை டீச்சர் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்பிக் கூட்டி வருவார். ஆறாம் தரத்துக்கு வந்ததும் அதே பிள்ளை தேயிலை மலையின் குறுக்குப் பாதையில் இறங்கி, மெயின் ரோட்டுக்கு வந்து, பஸ் நின்றால் ஏறி, நிற்காவிட்டால் நடந்து போக வேண்டும். மழைக்காலத்தில் பாதையில் மூன்றடி தூரம் தெரியாத பனி. சிறுத்தை நடமாட்டம் என்று தோட்டத்தில் பேச்சு வந்தால் அந்த வாரம் பெண்பிள்ளைகள் பாதிப்பேர் வரமாட்டார்கள். வராமல் இருந்ததைக் கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிள்ளை காலையில் உடுப்புப் போட்டதைப் பார்க்கவும் ஆள் இல்லை, போடாததைப் பார்க்கவும் ஆள் இல்லை.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். அரசாங்கத்தின் பாடசாலை உணவுத் திட்டம் முக்கியமாக ஆரம்பப் பிரிவுக்கு. ஐந்தாம் தரம் வரை பள்ளிக்கூடத்தில் ஒருவேளை சாப்பிட்ட பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடத்தின் ஆறாம் தரத்தில் பெரும்பாலும் அது கிடையாது. பசி அதிகமாகும் வயதில் தட்டு எடுக்கப்படுகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை போகிறது. பசிக்கும் இடாப்புக்கும் உள்ள சம்பந்தம் அங்கே காமராஜர் காலத்திலேயே விளங்கிவிட்டது. இங்கே 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நகரத்தில் நூற்றுக்கு 6 பேர் வறியவர், தோட்டத்தில் நூற்றுக்கு 33.8 பேர். அது விலைவாசி வெடித்த 2022க்கு முந்திய கணக்கு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோர் தங்கள் பிள்ளையின் தரத்தை விரல் விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் மூடின. அப்போது ஒன்று, இரண்டு, மூன்றாம் தரங்களில் இருந்த பிள்ளைகள் 2026இல் ஏழு, எட்டு, ஒன்பதில் இருக்கிறார்கள். ஆனா ஆவன்னா கோர்த்து வாசிக்கப் பழகும் வயதில், கூட்டல் கழித்தல் விரலில் இருந்து தாளுக்கு இறங்கும் வயதில், இவர்களுக்குப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. திறந்தது, மறுபடி மூடியது. 2021 நடுப்பகுதியில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தி மூன்று மாதம் போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். 2022இல் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, மறுபடி மூடல். ஒன்லைன் வகுப்பு என்றார்கள். லயத்தில் ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவின் கையில் கொழும்பில். சிக்னல் பிடிக்க மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன, நாமும் பார்த்து உச்சுக் கொட்டினோம். படம் எடுக்கப்படாத பிள்ளைகள் ஏறவேயில்லை.

அந்த ஓட்டையோடு வந்த பிள்ளைகளைத்தான் யாரும் நிறுத்தி நிரப்பாமல் வருடா வருடம் வகுப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். ஏழாம் தரப் புத்தகம் பின்னம், சதவீதம், சமன்பாடு என்று போகிறது. வாசிக்கவே திணறும் பிள்ளைக்கு அது வேறு நாட்டுப் பாஷை. அவன் வகுப்பில் சத்தம் போடுவதில்லை, குழப்படி செய்வதில்லை, பின் வாங்கில் அமைதியாக உட்கார்ந்திருப்பான். "நல்ல பிள்ளை, தொந்தரவில்லை" என்று ரிப்போட்டில் எழுதிவிடுவார்கள். நாலு மணித்தியாலம் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருப்பதைவிட ஆற்றுப் பக்கம் போவது சுகம் என்று ஒரு நாள் அவனுக்குத் தோன்றும். கெசல்கமு ஓயாவில் மாணிக்கக்கல் தேடிக் கிளறுகிறவர்களுக்குச் சின்னக் கைகள் உதவாது என்று நினைக்கிறீர்களா?

சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டது என்று பதினோராம் தரத்தில் அழுகிறோம். டியூசன் வாத்தியாருக்குக் காசு கட்டுகிறோம். கணிதம் போனது பதினொன்றில் இல்லை, ஏழில். அன்றைக்கு யாரும் அழவில்லை.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். அதற்குப் புத்தகம் வேண்டாம். உங்கள் சம்பளத் துண்டை எடுத்து எட்டாம் தரப் பிள்ளையின் கையில் கொடுங்கள். எங்கெங்கே என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்று சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பழைய நாட்சம்பளமான 1,350 ரூபாவை வைத்து, சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டுப் பிடித்தால் எவ்வளவு என்று கேளுங்கள். 108 என்று வந்தால் மனசாறப் பாராட்டுங்கள். வராவிட்டால் அடிக்க வேண்டாம், அடித்தால் அடுத்த வாரம் அவன் பொய் சொல்லப் பழகுவான். மறுநாள் அரைநாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். அரைப்பேர் போனால் போகட்டும்.

இது படிப்புப் பற்றிய உஷார். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒன்று இருக்கிறது. அது இன்னும் அவசரம்.

2025 ஜூலையில் பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரிய பாராளுமன்றத்தில் வைத்த கணக்கில், நாட்டின் பத்தாயிரம் சொச்சம் பாடசாலைகளில் ஐம்பது பிள்ளைகளுக்கும் குறைந்தவை ஆயிரத்து ஐந்நூறு அளவில் இருந்தன. சின்னப் பாடசாலைகளை என்ன செய்வது, பக்கத்துப் பாடசாலையோடு இணைப்பதா மூடுவதா என்ற பேச்சு அப்போதிருந்து சூடாகவே இருக்கிறது. ஹட்டன் கல்வி வலயத்துத் தோட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் எந்த மாதிரிப் பாடசாலைகள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளைகளும் குறைகிறார்கள். நாடு முழுவதும் 2019இல் பிறப்பு மூன்று லட்சத்துக்கு மேல். 2024இல் இரண்டு லட்சத்து இருபதினாயிரம் அளவில். அந்தக் குழந்தைகள் முதலாம் தரத்துக்கு வருவது 2030இல், ஆறாம் தரத்துக்கு 2035இல். தோட்டத்திலோ அதற்கு முன்பே ஆள் குறைந்துவிட்டது. 1992இல் கம்பெனிகள் தோட்டங்களைப் பொறுப்பெடுத்தபோது மூன்று லட்சத்துக்கு மேலிருந்த தொழிலாளர்களில் இன்று பாதிகூட இல்லை. கொழும்புக்குப் போன குடும்பங்கள் கோயில் திருவிழாவுக்கு மட்டும் வருகின்றன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைகள் சரிந்த பிறகு, லயத்தை விட்டு இறங்கியவர்கள் எல்லோரும் திரும்பி ஏறுவார்கள் என்று சொல்லவும் முடியாது.

இதற்கு மேல் நாமே செய்வது ஒன்று உண்டு. கையில் கொஞ்சம் காசு ஓடினால் பிள்ளையை வேனில் ஏற்றி ஹட்டன் பாடசாலைக்கு அனுப்புகிறோம். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியர்களில் பலர் தங்கள் பிள்ளைகளையும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். கல்லெறிய எனக்குத் தகுதியில்லை, நானும் அந்த மாதிரி வேனில் போய்ப் படித்தவன்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளும், வந்து கேள்வி கேட்கக்கூடிய பெற்றோரும் முதலில் வெளியேறுகிறார்கள். மிஞ்சுவது கேட்க ஆளில்லாத பிள்ளைகள். இடாப்பில் எண்ணிக்கை குறையக் குறைய அந்தப் பாடசாலைக்கு ஆசிரியர் நியமனமும் குறையும். விஞ்ஞானத்துக்கு இருந்த ஒரே டீச்சர் இடமாற்றத்தில் போனால் பதிலுக்கு ஆள் வரத் தவணைகள் ஆகும். டீச்சர் இல்லை என்று இன்னும் நாலு பிள்ளைகள் வேனில் ஏறும். கடைசியில் ஒரு நாள் "இங்கே பிள்ளைகளே இல்லையே" என்று கடிதம் வரும். வேன் கூலி கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அன்றோடு பள்ளிக்கூடமே முடிந்தது.

ஆசிரியர்களைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. சுமார் பத்து வருடத்துக்கு முன் தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடத்தை நிரப்ப ஆசிரிய உதவியாளர்கள் என்று எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபா, பிறகு 10,000. நம் லயத்துப் பிள்ளைகள்தான் அதை வாங்கிக்கொண்டு வகுப்பெடுத்தார்கள், பயிற்சிக் கலாசாலைக்கும் போய் வந்தார்கள். இன்று பல பாடசாலைகளைத் தூக்கி நிறுத்துவது அவர்கள்தான்.

இதற்கிடையில் ஆறாம் தரத்துக்குப் புதிய பாடத்திட்டம் 2026இல் வரும் என்றார்கள், பிறகு 2027 என்று தள்ளிப்போட்டார்கள். மோடியூல், செயற்பாடு என்று வரப்போவது நல்லதாகவே இருக்கட்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் ஒன்றுதான் என்பதை மட்டும் கொழும்பிலிருப்பவர்கள் மறக்காமல் இருந்தால் சரி.

பேர் இல்லாமல் போவது இங்கே புதிதில்லை. பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்துக் கல்லறை ஒன்றைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெரிய புகைப்படக்காரி, 1879இல் இந்தப் பக்கத்திலேயே இறந்து அங்கே அடக்கமாகி இருக்கிறார். இலங்கைக்கு வந்த பிறகு அவர் நம்மவர்களையும் படம் பிடித்தார். இங்கிலாந்தில் எடுத்த படங்களில் கவிஞர், விஞ்ஞானி என்று ஒவ்வொருவருக்கும் பேர் இருக்கும். இங்கே எடுத்தவற்றில் பெரும்பாலும் பேர் இருக்காது. அவர் எழுதி வைக்காத பேரைப் பற்றிக் கோபப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். நம் பள்ளிக்கூட இடாப்பில் நம் கண்முன் அழிகிற பேரைப் பற்றி அவர்களுக்கும் தெரியாது.

அடுத்தது தரகர். இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகாத பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை எந்த லயத்தில் இருக்கிறது என்று அதிபருக்கு முன்பே தரகருக்குத் தெரிந்துவிடும். அவர் வேற்று ஆள் இல்லை. மாமா முறையாக இருப்பார், பக்கத்து டிவிசனாக இருப்பார். "சும்மாதானே தாயி இருக்கு, கொழும்புல நல்ல வீடு, பிள்ளையப் பாத்துக்கிட்டா போதும், மாசா மாசம் காசு வந்துரும்" என்பார். கடன் இருக்கும் வீடாகப் பார்த்துத்தான் வருவார். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டு வேலையில் இருந்தபோது தீக்காயங்களுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தாள். மலையகம் முழுவதும் தெருவில் இறங்கியது. அவளை வேலைக்குச் சேர்த்த தரகரும் கைதானார். ஆனால் அவள் பள்ளிக்கூடத்தை விட்ட நாளில் யாரும் தெருவில் இறங்கியிருக்கவில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016 முதல் ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். வேலைக்குச் சேர்க்கும் ஆகக் குறைந்த வயதையும் 2021இல் பதினாலிலிருந்து பதினாறாக உயர்த்திவிட்டார்கள். பதினாறுக்குக் கீழே ஒரு பிள்ளையை வீட்டு வேலைக்குக் கேட்டு யாராவது வந்தால் 1929க்கு அடியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், தமிழிலேயே பேசலாம். பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் இருக்கிறார். "நம்ம ஆளைக் காட்டிக் கொடுக்கிறதா" என்று தயங்காதீர்கள். அந்த ஆள் பிள்ளைக்கு விலை பேசும்போது தயங்கவில்லை.

இடைவிலகிய பிள்ளை திரும்பப் போக விரும்பினாலும் வாசலில் ஒரு முட்டுக்கட்டை நிற்கும். பிறப்புப் பத்திரத்தில் பேர் பிழை, அல்லது பத்திரமே இல்லை, முந்திய பாடசாலையின் விடுகைப் பத்திரம் எடுக்கவில்லை. "பத்திரம் கொண்டு வாருங்கள்" என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினால் அந்தத் தாய் மறுபடி வரமாட்டார். அவருக்கு அது இன்னொரு நாள் பேர் போகிற விஷயம். பத்திரம் இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்ப இடம் கொடுக்காதீர்கள். பிள்ளை முதலில் வகுப்பில் உட்காரட்டும், பத்திரம் பின்னால் வரட்டும் என்று வாசலிலேயே நின்று கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் தோட்டக் கமிட்டித் தலைவரைக் கூட்டிப் போங்கள். சந்தா வாங்குகிற தொழிற்சங்கம் இதற்கும் வரலாம். சாதாரண தரத்துக்கு அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். எட்டாம் தரத்திலேயே அதைத் தேடத் தொடங்கினால் பதினொன்றில் கச்சேரிக்கு ஓடித் திரிய வேண்டியதில்லை.

வகுப்பாசிரியரைப் பார்க்கும்போது "புள்ள எப்படிப் படிக்குது டீச்சர்?" என்று மட்டும் கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "இந்தத் தவணையில எத்தனை நாள் வந்திருக்கு? இடாப்பக் கொஞ்சம் காட்டுங்க." இடாப்பு இரகசியமில்லை. எந்தக் கிழமை வரவில்லை என்று பாருங்கள். திங்கட்கிழமைகளில் என்றால் ஒரு காரணம் இருக்கும், சம்பளத்துக்கு மறுநாள் என்றால் வேறு காரணம், கணிதம் இரண்டு பாடம் வரும் நாளில் என்றால் காரணம் உங்களுக்கே விளங்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கூரைத் தகரத்தைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிச் செலவைப் பற்றியும் பேசி முடிந்ததும் அதிபரிடம் இன்னொரு கேள்வி: போன டிசம்பரில் ஐந்தாம் தரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு எந்தப் பாடசாலையின் ஆறாம் தரத்தில் இருக்கிறார்கள்?

முப்பது பேர் போனார்கள், இருபத்தாறு பேர் கணக்கில் இருக்கிறார்கள் என்று பதில் வந்தால், மிச்சம் நாலு பேரின் பேரையும் லயத்தையும் அந்தக் கூட்டத்திலேயே எழுதிக்கொண்டு, அன்று பின்னேரமே கிளம்புங்கள். இருட்டுவதற்குள் நாலு வீட்டுக் கதவையும் தட்டிவிடலாம்.